ஜார்ஜ் கெர்ஷ்வினின் தலைவலி

ஜார்ஜ் கெர்ஷ்வின் (1898–1937) அமெரிக்க இசையமைப்பாளர். 'ராப்சடி இன் புளூ' (1924), 'போர்கி அண்ட் பெஸ்' (1935) ஆகியவற்றால் புகழ் பெற்றவர். 38 வயதில் மூளைக்கட்டியால் இறந்தார். காரணம் புலப்படாத கடுந்தலைவலிக்கு அக்கால மருத்துவம் எப்படிக் காரணம் தேடியது, எங்கே தவறியது என்பதை அறிய அவருடைய கடைசி ஐந்து மாதங்களைப் படித்தால் போதும்.

1937 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மேடையில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தபோது சில கணங்கள் அவருக்கு நினைவு தப்பியது. வாசிப்பில் சில பகுதிகள் விட்டுப்போயின. அப்போது ரப்பர் எரியும் நாற்றம் அடித்ததாகப் பின்னர் கூறினார். இந்த நாற்றத்தை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாத நாற்றத்தை முகர்வது மூளையின் பொட்டுப் பக்கப் பகுதியில் தோன்றும் ஒருவகை வலிப்பின் அறிகுறி என்று லண்டன் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 19ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியிருந்தார். அதாவது, விடை ஏற்கெனவே நூலில் இருந்தது.

பிறகு தலைவலியும் தலைச்சுற்றலும் வளர்ந்தன. கைகள் தடுமாறின. சாப்பிடும்போது உணவு சிந்தியது. வேலைப் பளு, மனச்சோர்வு என்றே உடனிருந்தோர் பலரும் எண்ணினர். ஜூன் 23 அன்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். கண் உள்நோக்கியால் பார்த்தபோது விழித்திரை நரம்பில் வீக்கம் இல்லை. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைத்த இக்கருவி, மண்டைக்குள் அழுத்தம் கூடியிருப்பதைக் கண் வழியே காட்டக்கூடியது. ஆனால் வீக்கம் தோன்ற நாளாகலாம். அது இல்லை என்பதால் கட்டி இல்லை என்று ஆகிவிடாது. முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்கும் சோதனைக்குக் கெர்ஷ்வின் இசையவில்லை. மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பினர். குறிப்பேட்டில் ஹிஸ்டீரியாவாக இருக்கலாம் என்று எழுதப்பட்டது. உடம்பில் ஒன்றும் அகப்படாவிட்டால் மனத்தின் மேல் பழியைப் போடுவது அக்கால வழக்கம். இக்காலத்திலும் அறவே ஒழிந்ததாகத் தெரியவில்லை.

ஜூலை 9 அன்று நினைவிழந்தார். இம்முறை கண்ணில் வீக்கம் தெளிவாகத் தெரிந்தது. மூளை அறுவையில் பெயர்பெற்ற வால்ட்டர் டாண்டியைத் தேடினார்கள். அவர் செசபீக் விரிகுடாவில் படகில் இருந்தார். சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் மூளை தெரியாது. மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்திப் படமெடுத்தால், அறைகள் நசுங்கியிருப்பதைக் கொண்டு கட்டியின் இடத்தை ஊகிக்கலாம் என்று 1918இல் காட்டியவர் இதே டாண்டிதான். அவர் வந்து சேருமுன் நிலைமை முற்றியது. அந்த முறையையே பயன்படுத்தி வலப்புறப் பொட்டுப் பகுதியில் கட்டியைக் கண்டு, ஹோவர்ட் நாஃப்சிகர் அறுவை செய்தார். ஜூலை 11 காலை கெர்ஷ்வின் காலமானார். கட்டி கிளியோபிளாஸ்டோமா எனப்பட்டது. அதன் வகை குறித்துப் பின்னாளில் சிலர் ஐயம் எழுப்பியுள்ளனர். கடும்புற்று என்பது சரியானால், பிப்ரவரியிலேயே கண்டிருந்தாலும் சில மாதங்கள்தான் கூடியிருக்கும். ஆயினும் 'ஹிஸ்டீரியா' என்ற பெயரையாவது அவர் சுமந்திருக்க வேண்டியதில்லை.

மண்டையைத் திறக்காமல் மூளையையே படத்தில் பார்க்க 1971 அக்டோபர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று லண்டனில் ஒரு பெண் நோயாளிக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. கருவியை அமைத்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு பணிபுரிந்தது இ.எம்.ஐ. நிறுவனத்தில். இசைத்தட்டுகளுக்குப் பெயர்போன நிறுவனம் அது.