சுடுதளத்தில் இரு மொழிகள்

துப்பாக்கிச் சுடுதளமும் ஒரு வகுப்பறையே. அங்கும் ஆசிரியர் உண்டு; மாணவர் உண்டு; பாடமும் தேர்வும் உண்டு. ஆயினும் பள்ளி வகுப்பறைக்கும் அதற்கும் பெரியதொரு வேறுபாடு இருக்கிறது. பள்ளியில் ஆசிரியர் சொல்லைப் பிழைபடப் புரிந்துகொள்ளும் மாணவன் மதிப்பெண்ணை இழப்பான். சுடுதளத்தில் பயிற்றுநர் சொல்லைப் பிழைபடப் புரிந்துகொள்பவனோ பக்கத்திலுள்ள தோழனின் உயிரையே போக்கிவிடக் கூடும். 'தோட்டாவை ஏற்று', 'குறி பார்', 'சுடு', 'சுடுவதை நிறுத்து' என்னும் கட்டளைகள் காதில் விழுந்த கணமே கருத்தில் பதிதல் வேண்டும். மனத்துக்குள் மொழிபெயர்த்துப் பார்க்க அங்கே நேரமில்லை.

அவ்வாறாயின், அக்கட்டளை எம்மொழியில் அமைய வேண்டும்? ஒரே மொழி வழங்கும் நாட்டில் இவ்வினா எழுவதில்லை. ஆங்கிலம் பேசுவோரும் பிரெஞ்சு பேசுவோரும் ஒரே படையில் நிற்கும் கனடாவிலோ இது நூறாண்டுக்கும் மேலாக விடை தேடி நின்ற வினாவாகும். ஒரு சிறு சான்றே இதன் அருமையை உணர்த்தும். பிரெஞ்சில் 'ஷார்ஜே' என்றால் துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றுதல் என்பது ஒரு பொருள். அதே வேரிலிருந்து வந்த 'சார்ஜ்' என்னும் சொல், ஆங்கிலப் போர்க்களத்தில் பகைவர்மீது பாய்ந்து செல்லும் கட்டளையாகும். ஓசை ஒத்திருப்பதால் பொருளும் ஒத்திருக்கும் என்று நம்பினால் என்னவாகும்?

இரு மக்கள், ஒரு படை

1759-ஆம் ஆண்டில் கியூபெக் நகரத்தை ஒட்டிய ஆபிரகாம் சமவெளியில் பிரித்தானியப் படை பிரெஞ்சுப் படையை வென்றது. 1763-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையால் அந்நிலம் பிரித்தானியருக்கு உரியதாயிற்று. ஆட்சி மாறியது, மக்களின் மொழி மாறவில்லை. தேவாலயத்திலும் வீட்டிலும் பள்ளியிலும் பிரெஞ்சு தொடர்ந்து வாழ்ந்தது.

1867-இல் கனடியக் கூட்டரசு பிறந்தபொழுது, அதன் அரசியல் சட்டத்தின் 133-ஆம் பிரிவு நாடாளுமன்றத்திலும் கூட்டரசு நீதிமன்றங்களிலும் இரு மொழிகளையும் வழங்க இடமளித்தது. படையைப் பற்றி அப்பிரிவு எதுவும் கூறவில்லை. புதிய நாட்டின் முதற் பாதுகாப்பு அமைச்சராக விளங்கியவர் பிரெஞ்சு மொழியினரான ஜார்ஜ் எத்தியேன் கார்த்தியே. அவர் தலைமையில் 1868-ஆம் ஆண்டின் தொண்டர்படைச் சட்டம் நிறைவேறியது. எனினும் படையின் முன்மாதிரி பிரித்தானியப் படையே. ஆகவே அதன் கட்டளை மொழியும் ஆங்கிலமே ஆயிற்று.

இக்குறையை உணர்ந்தோர் கூட்டரசுக்கு முன்பே இருந்தனர். 1860-களில் கியூபெக்கைச் சேர்ந்த சூசோர் என்னும் தொண்டர்படை அதிகாரி, படைப்பயிற்சிக் கைந்நூல்களைப் பிரெஞ்சு மொழியில் எழுதி வெளியிட்டார். ஆங்கிலப் படையின் பயிற்சி முறையையும் கட்டளைச் சொற்களையும் தம் மக்களுக்கு விளங்கச் செய்வதே அவர் செய்த பணி. அது நல்ல பணிதான். ஆனால் கற்பவன் தன் மொழியில் விளக்கத்தைப் படித்துவிட்டு, பிறர் மொழியில் கட்டளையை ஏற்கும் நிலையை அது மாற்றவில்லை.

கியூபெக்கில் பிறந்த துப்பாக்கி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடா தனக்கென ஒரு துப்பாக்கியை உருவாக்க விழைந்தது. சர் சார்லஸ் ராஸ் என்பவருடன் 1903-இல் ஒப்பந்தம் செய்யப்பட்டது. தொழிற்சாலை எழுந்த இடம் கியூபெக் நகரம். அதுவும் 1759-இல் போர் நிகழ்ந்த ஆபிரகாம் சமவெளிப் பகுதி. தோட்டாக்கள் செய்யும் அரசுத் தொழிற்சாலையும் 1882 முதல் அந்நகரிலேயே இருந்தது. பிரெஞ்சு வழங்கும் நகரில் துப்பாக்கியும் பிறந்தது, தோட்டாவும் பிறந்தது. அவற்றைக் கையாளக் கற்பிக்கும் மொழி மட்டும் ஆங்கிலமாக இருந்தது.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. அப்போதைய படைத்துறை அமைச்சர் சாம் ஹியூஸ், கியூபெக் நகருக்கு அருகே வால்கார்த்தியே என்னுமிடத்தில் சில வாரங்களுக்குள் ஒரு பெரும் பயிற்சி முகாமை எழுப்பினார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே திரண்டனர். குறிபார்த்துச் சுடுதலே வீரனின் தலையாய கலை என்று நம்பியவர் ஹியூஸ். ஆகவே ஏறத்தாழ 1,500 இலக்குகள் கொண்ட சுடுதளம் அங்கே அமைக்கப்பட்டது. பிரெஞ்சு மண்ணில் அமைந்த அம்முகாமில், பிரெஞ்சு மொழித் தொண்டர்கள் ஆங்கிலப் பட்டாளங்களிடையே சிதறடிக்கப்பட்டனர். அவர்களுக்கென ஒரு தனிப் பட்டாளம்கூட முதல் அணியில் இடம்பெறவில்லை.

ராஸ் துப்பாக்கியின் கதையும் ஈண்டு நினைக்கத்தக்கது. போட்டிச் சுடுதளத்தில் அது குறி தவறாத கருவி. 1915 ஏப்ரலில் ஈப்பர் போர்க்களத்தின் சேற்றிலோ, அடுத்தடுத்துச் சுட்டபொழுது அது இறுகிப் போயிற்று. வீரர்கள் அதன் போல்ட்டைக் காலணியால் உதைத்துத் திறக்க நேர்ந்தது. பிரித்துத் துடைத்தபின் போல்ட்டைத் தவறாகப் பூட்டிவிட்டால், சுடும்பொழுது அது சுடுபவனின் முகத்தை நோக்கியே பின்னுக்குப் பாயும் அபாயமும் இருந்தது. பிரித்தலும் பூட்டுதலும் கற்பிக்கப்படும் பாடங்கள் அல்லவோ? அப்பாடம் தெளிவாக விளங்க வேண்டியது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 1916-க்குள் அத்துப்பாக்கி கைவிடப்பட்டு, லீ என்ஃபீல்டு துப்பாக்கி கனடியரின் கைக்கு வந்தது.

22-ஆம் பட்டாளம்

தம் மொழியில் இயங்கும் ஒரு பட்டாளம் வேண்டுமென்று பிரெஞ்சு மொழியினர் அரசிடம் முறையிட்டனர். மருத்துவரும் செல்வருமாகிய ஆர்தர் மினோ அதற்கென 50,000 டாலர் வழங்க முன்வந்தார். 1914 அக்டோபரில் 22-ஆம் பட்டாளம் உருவாயிற்று. 1915 மே மாதத்தில் அது கடல் கடந்தது. செப்டம்பரில் போர்முனையை அடைந்தது. ஓராண்டு கழித்து, 1916 செப்டம்பர் 15-ஆம் நாள், தோமா லூயி திரெம்பிளேயின் தலைமையில் கூர்சலெத் என்னும் சிற்றூரைக் கைப்பற்றியது. ஜெர்மானியர் மீண்டும் மீண்டும் தாக்கியும் அவ்வூரை விட்டுக்கொடுக்கவில்லை. 1918-இல் அப்பட்டாளத்தைச் சேர்ந்த ஜோசப் கேபிள், ஜான் பிரியான் ஆகிய இருவர், உயிர் நீத்தபின் விக்டோரியா சிலுவை விருதைப் பெற்றனர். அப்போரிலே ஒரு காலை இழந்த ஜார்ஜ் வனியே என்னும் அதிகாரி, 1959-இல் கனடாவின் தலைமை ஆளுநராக உயர்ந்தார்.

பிரெஞ்சில் இருபத்திரண்டு என்பதை 'வேன் தூ' என்பர். அதனைச் சரிவர ஒலிக்கவியலாத ஆங்கில வீரர்கள் 'வேன்டூஸ்' என்று அழைத்தனர். அப்பெயரே அப்பட்டாளத்தின் செல்லப்பெயராக இன்றும் நிலைத்துவிட்டது.

மொழி மதிக்கப்பட்ட இடத்தில் வீரம் விளைந்தது. மொழி மதிக்கப்படாத இடத்தில் விளைந்தது என்ன? ஒன்றாரியோ மாநில அரசு 1912-இல் கொண்டுவந்த 17-ஆம் விதி, பிரெஞ்சைப் பயிற்று மொழியாக வழங்குவதைத் தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளோடு நிறுத்த முற்பட்டது. வீட்டில் மொழியுரிமை மறுக்கப்படும்பொழுது, அயல்நாட்டுப் போருக்கு மட்டும் ஆள் கேட்பது முறையாகுமா என்று இதழாசிரியர் ஆன்ரி பூராசா வினவினார். 1917-இல் கட்டாயப் படைச் சேர்ப்புச் சட்டம் வந்தது. 1918 ஈஸ்டர் நாள்களில் கியூபெக் நகரத்தில் கலவரம் மூண்டது. அதனை அடக்க ஆங்கிலம் பேசும் டொராண்டோ வீரர்கள் வரவழைக்கப்பட்டனர். ஏப்ரல் முதல் நாள் அவர்களுடைய துப்பாக்கிகள் தம் நாட்டு மக்கள்மீதே வெடித்தன. குறைந்தது நால்வர் மாண்டனர். பள்ளிக்கூடத்தில் தொடங்கிய மனக்காயம் தெருவில் குருதியாக வழிந்ததை வரலாறு மறக்கவில்லை. 17-ஆம் விதி 1927-இல் கைவிடப்பட்டது.

பட்டாளத்துக்கு அப்பால்

22-ஆம் பட்டாளம் போருக்குப்பின் கலைக்கப்பட்டு, 1920-இல் மீண்டும் நிலைப்படையில் இடம்பெற்றது. பின்னர் ராயல் 22-ஆம் ரெஜிமெண்டு என வழங்கலாயிற்று. இரண்டாம் உலகப் போரில் அதனுடன் மொன்றியால், ஷோதியேர், மெசொன்னவ் என்னும் பெயர்களைத் தாங்கிய பிரெஞ்சு மொழிப் படையணிகளும் போரிட்டன. 1943 டிசம்பர் 14-ஆம் நாள் இத்தாலியின் காசா பெரார்டியில் காட்டிய வீரத்துக்காக ராயல் 22-ஐச் சேர்ந்த பால் திரிக்கே விக்டோரியா சிலுவை பெற்றார்.

ஆயினும் மொழியின் எல்லை பட்டாளத்தின் வாயிலோடு முடிந்தது. அதற்கு மேலுள்ள பிரிகேடு, டிவிசன் நிலைகளில் அலுவல் மொழி ஆங்கிலமே. பயிற்சிக் கைந்நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. பீரங்கி, கவசவண்டி, செய்தித்தொடர்பு முதலிய துறைகளில் உயர விரும்பும் பிரெஞ்சு இளைஞன் ஆங்கிலத்தில் கற்று, ஆங்கிலத்தில் பணியாற்றி, ஆங்கிலத்தில் தேர்வு எழுத வேண்டியிருந்தது. காலாள் வீரனாகத் துப்பாக்கி பிடிக்க அவன் மொழி போதும். தளபதியாகத் திட்டம் தீட்ட அது போதாது என்பதே நடைமுறை. இக்குறையைப் போக்கும் முதற்படியாக 1952-இல் சேன் ஜான் நகரில் இருமொழிப் படைத்துறைக் கல்லூரி ஒன்று திறக்கப்பட்டது.

அல்லார் செய்த மாற்றம்

1966-இல் ஜான் விக்தோர் அல்லார் கனடியப் படைகளின் தலைமைத் தளபதியானார். அப்பதவியை எய்திய முதல் பிரெஞ்சு மொழியினர் அவரே. இத்தாலியில் ராயல் 22-ஐ நடத்தியவர்; 1961-இல் பிரித்தானிய டிவிசன் ஒன்றுக்கே தலைமை தாங்கியவர். ஆங்கிலத்தில் வல்லவரானதனால்தான் அவர் உயர்ந்தார் என்பது உண்மை. எனினும் தாம் ஏறிவந்த கடினமான படியே எல்லாருக்கும் உரிய படி என்று அவர் கருதவில்லை. அதுவே அவருடைய பெருமை.

கட்டளைச் சொற்களை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. பயிற்சி, பணி, பதவி உயர்வு ஆகிய மூன்றும் ஒரே மொழியில் இணைந்திருந்தால்தான் அம்மொழியினர் படையில் நிலைப்பர் என்பதை அவர் உணர்ந்தார். அதன் பயனாக 1968-இல் பிரெஞ்சு மொழிப் பிரிவுகள் தோன்றின. வால்கார்த்தியேயில் காலாட்படையும் கவசப்படையும் பீரங்கிப்படையும் அடங்கிய முழுமையான போர்க்குழு ஒன்று பிரெஞ்சில் இயங்கத் தொடங்கியது. 'ஒட்டாவா' என்னும் போர்க்கப்பலும் ஒரு வான்படைப் பிரிவும் பிரெஞ்சு மொழிப் பிரிவுகளாயின. ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குமுன் பிரெஞ்சுத் தொண்டர்கள் சிதறடிக்கப்பட்ட அதே வால்கார்த்தியே, பிரெஞ்சு வீரர்களின் தாயகமாயிற்று.

எதிர்ப்பு இல்லாமலில்லை. மொழியால் பிரித்தால் படையின் ஒற்றுமை குலையும் என்று அஞ்சியோர் உண்டு. பதவி உயர்வில் தமக்குத் தடை வருமோ என்று ஐயுற்ற ஆங்கில அதிகாரிகளும் உண்டு. ஆயினும் 1963-இல் அமைக்கப்பட்ட இருமொழி, இருபண்பாட்டு ஆணையத்தின் ஆய்வுகள் வழிகாட்ட, 1969-இல் அதிகாரமுறை மொழிகள் சட்டம் நிறைவேறியது. 1982-இல் உரிமைச் சாசனமும், 1988-இல் புதிய மொழிச் சட்டமும் வந்தன. அச்சட்டம் 2023-இல் மேலும் வலுப்படுத்தப்பட்டது. 1984 முதல் கனடிய வீரனின் கைக்கு வந்த சி-7 துப்பாக்கியை, ஆங்கிலம் பேசுவோன் ஆங்கிலத்திலும் பிரெஞ்சு பேசுவோன் பிரெஞ்சிலும் கற்கும் வழி ஏற்பட்டது. முன்னர் நோவா ஸ்கோஷியாவின் கார்ன்வாலிஸ் முகாமில் ஆங்கிலப் புதுவீரர்களும், சேன் ஜானில் பிரெஞ்சுப் புதுவீரர்களும் பயின்றனர். கார்ன்வாலிஸ் 1994-இல் மூடப்பட்டபின், சேன் ஜான் இரு மொழியினருக்கும் பொதுவான பயிற்சிக்களம் ஆயிற்று.

இன்றும் குறைகள் உள. நேச நாடுகளோடு கூடிப் பணியாற்றும்பொழுது ஆங்கிலமே முன்னிற்கிறது. சேன் ஜான் கல்லூரியே 1995-இல் மூடப்பட்டு, 2008-இல்தான் மறுபடியும் திறக்கப்பட்டது. பெற்ற உரிமையும் பேணாவிடின் நழுவும் என்பதற்கு இது சான்று.

மறக்கலாகாத மொழிகள்

இரு மொழிகளைப் பற்றிப் பேசும்பொழுது அந்நிலத்தின் தொன்மொழிகளை மறத்தல் தகாது. முதல் உலகப் போரில், பலரும் வெறுத்த ராஸ் துப்பாக்கியையே கையிலேந்திக் குறி தவறாமல் சுட்டுப் புகழ்பெற்ற பிரான்சிஸ் பெகமகபோ, ஒஜிப்வே இனத்தைச் சேர்ந்த பழங்குடி வீரர். இரண்டாம் உலகப் போரில் கிரீ மொழி பேசும் வீரர்கள் சிலர், மறைச்செய்திகளைத் தம் தாய்மொழியில் பெயர்த்து அனுப்பினர். பகைவரால் அதனை அறிய இயலவில்லை. பழங்குடிப் பிள்ளைகள் தாய்மொழி பேசினால் தண்டிக்கப்பட்ட உறைவிடப் பள்ளிகள் இயங்கிவந்த காலம் அது. வகுப்பறையில் விலக்கப்பட்ட மொழி போர்க்களத்தில் காவலாக நின்றது.

கனடியப் படையின் வரலாறு ஆசிரிய உலகுக்குக் காட்டும் உண்மை இதுவே: தாய்மொழியில் தெளிவாகக் கற்றவன் பிறமொழியை வெறுப்பதில்லை, அல்லாரைப்போல அதனையும் கைவரப் பெறுகிறான். ஆனால் வீட்டிலும் விழாவிலும் மட்டும் வழங்கும் மொழி நெடுநாள் நிலைப்பதில்லை. கற்கும் இடத்திலும் பணிசெய்யும் இடத்திலும் பொறுப்பேற்கும் இடத்திலும் அது ஒலிக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் 1867-இலேயே இடம்பெற்ற பிரெஞ்சு, படையில் பயிற்சிக்கும் பணிக்கும் உரிய மொழியாக ஏறத்தாழ நூறாண்டுகள் காத்திருந்தது. அந்த நூறாண்டில் வாய்ப்பிழந்த இளைஞர் எத்தனையோ பேர். மொழியைக் காலத்தே அதற்குரிய இடத்தில் அமர்த்துவது அம்மொழிக்குச் செய்யும் சலுகை அன்று. அதைப் பேசும் பிள்ளைகளுக்குச் செய்யும் கடமையாகும்.