உதிர்வதும் ஒளிந்திருப்பதும்
முடி மாற்றுச் சிகிச்சையின் வரலாற்றை நாம் அமெரிக்காவிலிருந்தே தொடங்கிப் பழகிவிட்டோம். ஆனால் 1939ஆம் ஆண்டிலேயே ஷோஜி ஒகுடா என்னும் ஜப்பானிய மருத்துவர், தழும்பேறி முடியிழந்த இடங்களில் முடியுள்ள தோலின் சிறு வட்டத் துண்டுகளைப் பதித்து வளர்த்ததை எழுதிவிட்டார். போர்ச்சூழலில் அக்கட்டுரைகள் மேலைநாட்டார் கண்ணில் படவில்லை. 1952இல் நியூயார்க்கில் வழுக்கைக்கு இம்முறையைக் கையாண்ட நார்மன் ஓரென்ட்ரைக், பதித்த முடி தான் பிறந்த இடத்தின் இயல்பையே தாங்கும் என்று 1959இல் வெளியிட்டார்.

அவ்வியல்பு குடியிருப்பது தோலுக்கடியிலுள்ள வேர்ப்பையில். இடம்பெயர்ந்த அதிர்ச்சியில் அது ஓய்வுநிலைக்குச் செல்ல, நட்ட முடி சில வாரங்களில் உதிர்கிறது. பணமும் நம்பிக்கையும் சேர்ந்தே உதிர்ந்ததாகக் கலங்குவோர் பலர். ஆயினும் 3, 4 மாதங்களில் அதே வேர்ப்பையிலிருந்து புதுமுடி அரும்பும். முழுப்பயன் காண ஏறத்தாழ ஓராண்டாகும்.

ஒகுடாவின் கட்டுரைகளும் நெடுங்காலம் மறைந்திருந்தே வெளிச்சம் கண்டன. கண்ணில் படாததை அழிந்ததென்று நாம் முடிவுகட்டலாகாது.