குளிர்காலத் தோட்ட ஆயத்தம்

குளிர்காலத் தோட்ட ஆயத்தம் என்பது, நிலம் உறையும் அளவுக்குக் குளிர் நிலவும் நாடுகளில், வீட்டு வளவையும் தோட்டத்தையும் குளிர்காலம் தொடங்குவதற்கு முன்னர் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவரும் பணிகளைக் குறிக்கும். அறுவடையை முடித்தல், குளிர் தாங்காத தாவரங்களை உள்ளே எடுத்தல், மண்ணை மூடுதல், மரங்களைக் காத்தல், நீர்க்குழாய்களை வெறுமையாக்குதல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. இக்கட்டுரை, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் தென்பகுதியை, சிறப்பாக ரொறன்ரோவையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பணிகளை விளக்குகின்றது.

குளிர் ஏற்படுத்தும் பாதிப்புகள்

வானிலிருந்து பொழியும் வெண்பனியும், இலைகளிலும் நிலத்திலும் படியும் உறைபனியும் வேறானவை. வெண்பனியின் கனவளவில் பெரும்பகுதி காற்றே ஆகும். எனவே அது நிலத்தின் மேல் ஒரு போர்வை போலச் செயற்பட்டு, வேர்களைக் கடுங்குளிரிலிருந்து காக்கின்றது. வெண்பனி குறைந்த, ஆனால் குளிர் மிகுந்த ஆண்டுகளிலேயே தோட்டங்கள் அதிகம் பாதிக்கப்படுகின்றன.

குளிர்காலச் சேதங்களில் பெரும்பாலானவற்றை நீரின் இயல்பைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9% கூடுகின்றது. இதனால் ஏற்படும் பாதிப்புகளும், நீர் கிடைக்காமையால் ஏற்படும் பாதிப்புகளும் பின்வருமாறு:

* இழையச் சிதைவு: தாவரக் கலங்களுக்குள் பனிக்கட்டி உருவானால் அவை சிதைந்து இறக்கின்றன. குளிர் தாங்கும் தாவரங்களில் பனிக்கட்டி கலங்களுக்கு வெளியே உருவாகின்றது. கலங்களுக்குள் சர்க்கரை போன்ற கரைபொருள்கள் செறிவடைவதால் அங்குள்ள நீர் எளிதில் உறைவதில்லை.
* வறட்சி: உறைந்த நிலத்திலிருந்து வேர்கள் நீரை உறிஞ்ச முடியாது. ஆனால் பசுமைமாறாத் தாவரங்களின் இலைகள் வெயிலிலும் காற்றிலும் தொடர்ந்து நீரை இழக்கின்றன. இளவேனிலில் பழுப்பாகக் காணப்படும் ஊசியிலைகள் பல, இவ்வாறு காய்ந்து போனவையே.
* மண் உந்தல்: மண் மீண்டும் மீண்டும் உறைந்து இளகும்போது, ஆழமாக வேரூன்றாத செடிகள் மேலே தள்ளப்பட்டு, அவற்றின் வேர்கள் வெளியே தெரிகின்றன.
* வெடிப்பு: நீர் தேங்கிய குழாய்களும் ஈரமண் நிறைந்த மட்சாடிகளும் வெடிக்கின்றன.

காலம்

ரொறன்ரோ சுற்றுப்புறத்தில் முதல் உறைபனி பொதுவாக அக்டோபர் மாதத்தில் ஏற்படுகின்றது. கடைசி உறைபனி மே மாதத்தில் நிகழ்கின்றது. மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை வரும் விக்டோரியா நாளின் பின்னரே குளிர் தாங்காத நாற்றுகளை வெளியே நடுவது அங்கு வழக்கம். ஆழ்ந்த குளிர்காலத்தில் சில இரவுகளில் வெப்பநிலை −20 °செக்குக் கீழும் இறங்குகின்றது.

தாவரங்கள் இதற்குத் தாமாகவே ஆயத்தமாகின்றன. பகற்பொழுது குறைவதையும் வெப்பநிலை தாழ்வதையும் உணர்ந்து அவை வளர்ச்சியை நிறுத்தி, தண்டுகளை முதிரச் செய்கின்றன. ஆகத்து மாத நடுப்பகுதிக்குப் பின்னர் மரஞ்செடிகளுக்கு நைதரசன் உரம் இடுவதும் அவற்றைக் கடுமையாகக் கத்தரிப்பதும் புதிய இளந்தளிர்களைத் தூண்டும். அத்தளிர்கள் முதிர்வதற்குள் குளிர் வந்துவிடும். எனவே ஆயத்தத்தின் முதற்படி, கோடையின் இறுதியிலேயே சில பணிகளை நிறுத்திக்கொள்வது ஆகும்.

வன்மை வலயங்கள்

ஒரு தாவரம் ஓரிடத்தின் குளிரைத் தாங்குமா என்பதை அறிய வன்மை வலய வரைபடங்கள் உதவுகின்றன. கனடாவின் வரைபடம் முதன்முதலில் 1967 இல் வெளியானது. அதில் 0 மிகக் குளிரான வலயம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் வரைபடம் ஆண்டின் மிகத் தாழ்ந்த வெப்பநிலைகளின் சராசரியை மட்டும் அடிப்படையாகக் கொண்டது. கனடாவின் வரைபடமோ உறைபனியற்ற நாட்கள், மழை, வெண்பனி, காற்று முதலியவற்றையும் கணக்கில் எடுக்கின்றது. ஆகவே இரண்டிலும் ஒரே எண் ஒரே குளிரைக் குறிப்பதில்லை. செடியின் அடையாளச் சீட்டில் உள்ள எண் எந்த நாட்டின் வரைபடத்துக்குரியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

காய்கறிப் பாத்திகள்

தக்காளி, மிளகாய், கத்தரி, பாகல், புடோல் ஆகியன முதல் உறைபனியிலேயே மடிந்துவிடும். அதற்கு முன்னர் காய்களைப் பறித்துவிட வேண்டும். முற்றிய பச்சைத் தக்காளி வீட்டுக்குள் பழுக்கும். மாறாக, கரட் போன்ற பயிர்கள் குளிரில் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுவதால், உறைபனிக்குப் பின்னர் கூடுதல் இனிப்புப் பெறுகின்றன.

நோயுற்ற செடிகளின் எச்சங்களை அகற்றுவது முக்கியமானது. தக்காளியின் முன்கருகல் நோயை உண்டாக்கும் பூஞ்சை பயிர் எச்சங்களில் குளிர்காலத்தைக் கடக்கின்றது. வீட்டுக் கூட்டெரு பெரும்பாலும் அதை அழிக்கும் அளவுக்குச் சூடாவதில்லை. ஒன்ராறியோவில் அழகுக்காகப் பூச்சிகொல்லி, களைகொல்லி தெளிப்பது 2009 ஏப்ரல் 22 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. இத்தடை வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கும் பொருந்தும். எனவே தூய்மைப்படுத்துவதே எளிய தடுப்பு முறை ஆகும்.

உள்ளி அக்டோபர் மாதத்தில் நடப்படுகின்றது. பற்களை ஏறத்தாழ 5 செமீ ஆழத்தில் ஊன்றி, வைக்கோலால் மூடிவிட்டால், அடுத்த சூலையில் அறுவடை செய்யலாம். உள்ளிப்பற்கள் நன்கு பிரிந்து வளர்வதற்கு இக்குளிர் தேவைப்படுகின்றது.

கிழங்குகளும் சாடித் தாவரங்களும்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஆண்டு முழுவதும் நிலத்தில் இருக்கும் கல்வாழை, ஒன்ராறியோவில் கிழங்குடன் தோண்டி எடுக்கப்படுகின்றது. முதல் உறைபனியில் இலைகள் கருகிய பின்னர் தண்டை வெட்டி, கிழங்கைச் சற்றே ஈரமான மரத்தூளில் இட்டு, உறையாத குளிர்ந்த நிலவறையில் வைக்கின்றனர். டேலியாக் கிழங்குகளுக்கும் இம்முறையே பொருந்தும். துலிப் இதற்கு நேர்மாறானது. அது பூப்பதற்குப் பல வாரக் குளிர் இன்றியமையாதது என்பதால் இலையுதிர்காலத்திலேயே நிலத்தில் நடப்படுகின்றது.

அங்குள்ள தமிழர் பலர் சாடியில் வளர்க்கும் கறிவேப்பிலை உறைநிலையைத் தாங்காது. இரவு வெப்பநிலை 10 °செக்குக் கீழ் இறங்கத் தொடங்குமுன் அதனை உள்ளே எடுத்து, வெளிச்சம் மிகுந்த யன்னல் ஓரம் வைக்க வேண்டும். எடுக்குமுன் இலைகளின் அடிப்புறத்தில் பூச்சிகள் உள்ளனவா எனப் பார்த்தல் நல்லது. வெளிச்சக் குறைவால் செடி இலைகளை உதிர்ப்பது இயல்பு. அது பட்டுவிட்டதாகக் கருதி மிகுதியாக நீர் ஊற்றினால் வேர் அழுகும். குளிர்காலத்தில் இச்செடி இறப்பதற்குக் குளிரைவிட இவ்வாறு மிகையாக ஊற்றும் நீரே பல வேளைகளில் காரணமாகின்றது.

மரங்களும் செடிகளும்

* நிலம் உறையும் வரை, குறிப்பாகப் புதிதாக நட்ட மரங்களுக்கும் பசுமைமாறாத் தாவரங்களுக்கும் ஆழமாக நீர் ஊற்ற வேண்டும்.
* பல்லாண்டுச் செடிகளுக்கு இலை, வைக்கோல் போன்றவற்றாலான மூடாக்கை நிலம் உறைந்த பின்னரே இட வேண்டும். மூடாக்கின் நோக்கம் மண்ணைச் சூடாக வைப்பது அன்று; உறைந்த மண் இடையிடையே இளகாமல் தடுப்பதாகும்.
* மூடாக்கு மரத்தின் அடியைத் தொடலாகாது. தொட்டால் பட்டை அழுகவும், எலிகள் அதனுள் தங்கவும் வாய்ப்பு உண்டு.
* எலிகளும் முயல்களும் பட்டையைக் கொறிப்பதைத் தடுக்க, இளமரங்களைச் சுற்றிக் கம்பி வலை அமைக்கப்படுகின்றது. முயல் வெண்பனியின் மேல் நின்று கொறிக்கும் என்பதால், வலை பனிமட்டத்துக்கு மேலும் உயர்ந்திருக்க வேண்டும்.
* ஒட்டு ரோசாச் செடிகளின் ஒட்டுப் பகுதியை 20 முதல் 30 செமீ உயரத்துக்கு மண் குவித்து மூடுவர்.

ரொறன்ரோவில் குடியேறிய இத்தாலியர் அத்தி மரத்தைக் காக்கும் முறை குறிப்பிடத்தக்கது. ஒரு பக்க வேர்களை வெட்டி, மரத்தை மெதுவாக வளைத்துப் பள்ளத்தில் கிடத்தி, பலகையும் மண்ணும் இட்டு மூடி, இளவேனிலில் மீண்டும் நிமிர்த்துகின்றனர்.

உதிர்ந்த இலைகள்

புல்தரையில் தடித்துப் படிந்த இலைகள் புல்லை மூச்சடைக்கச் செய்து பூஞ்சை நோய்க்கு இடமளிக்கின்றன. அவற்றைப் புல்வெட்டியால் துண்டாக்கி மண்ணிலேயே விடலாம். அல்லது வாரிப் பாத்திகளில் இடலாம். ஆயினும் தோட்டம் முழுவதையும் துப்புரவாக்குவது விரும்பத்தக்கதன்று. பல அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்கள் இலைச்சருகிலும், சில காட்டுத் தேனீக்கள் உலர்ந்த தண்டுகளிலும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. நோயுற்றவற்றை அகற்றி, நோயற்றவற்றை விட்டுவைப்பது இரு தேவைகளையும் நிறைவு செய்யும் வழியாகும்.

நீர்க்குழாய்கள்

1. வெளிக் குழாயிலிருந்து தோட்டக் குழாயைக் கழற்ற வேண்டும். உறையாத வகையெனக் கூறப்படும் வெளிக் குழாயும், தோட்டக் குழாய் பொருத்தியபடி இருந்தால் உள்ளே நீர் தேங்கி வெடிக்கக்கூடும்.
2. வீட்டின் உட்புறத்தில் உள்ள வால்வை மூட வேண்டும்.
3. வெளிக் குழாயைத் திறந்து, தேங்கிய நீர் முழுவதும் வடிய விட வேண்டும்.
4. மழைநீர்ப் பீப்பாயை வெறுமையாக்கிக் கவிழ்க்க வேண்டும்.

சுவருக்குள் ஏற்படும் வெடிப்பு, பனி இளகிய பின் குழாயைத் திறக்கும்போதே பெரும்பாலும் தெரியவரும். அப்போது நீர் வீட்டின் நிலவறைக்குள் பாய்கின்றது. தோட்டப் பணிகளில் மிகக் குறைந்த நேரம் எடுப்பதும், தவறவிட்டால் மிகக் கூடிய செலவு தருவதும் இதுவே.

உப்பு

நடைபாதைப் பனியை உருக்க இடும் உப்பு, மண்ணில் சேர்ந்து வேர்கள் நீர் உறிஞ்சுவதைத் தடுக்கின்றது. செடிகளுக்கு அருகே உப்புக்குப் பதிலாக மணல் தூவலாம். மணல் பனியை உருக்காது. எனினும் வழுக்கலைக் குறைக்கும். தெருவோரச் செடிகளைச் சாக்குத் துணித் திரையால் மறைப்பதும் வழக்கம்.

மூடாக்கை அகற்றல்

இளவேனிலின் முதல் வெப்ப நாட்களில் மூடாக்கு முழுவதையும் ஒரேயடியாக அகற்றினால், அடுத்து வரும் உறைபனி புதிய முளைகளைக் கொன்றுவிடும். மண் முற்றாக இளகிய பின்னர், சில வாரங்களில் சிறிது சிறிதாக அதனை அகற்றுவதே ஏற்ற முறையாகும்.