எம்14 முதல் எம்1ஏ வரை: போட்டித் துப்பாக்கிகளின் உறுப்புத் தரமும் நம்பகத்தன்மையும்

முன்னுரை

இராணுவத்துக்காக வடிவமைத்த துப்பாக்கியைக் குறிசுடும் போட்டியாளர்களுக்காகத் தனியார் ஆலைகள் மறுபடி செய்யும்போது, அதன் உறுப்புகளின் தரம் என்னவாகிறது? இக்கேள்வியை ஆராய அமெரிக்காவின் எம்14 ரைபிளும் அதன் வணிக வடிவமான எம்1ஏயும் மிகப் பொருத்தமானவை. அரசு ஒப்பந்த உற்பத்தி, உபரி உறுப்புச் சந்தை, தனியார் உற்பத்தி, அயல்நாட்டு நகல் என எல்லாக் கட்டங்களையும் இந்த ஒரே வடிவம் கடந்து வந்திருக்கிறது. அடித்து உருவாக்கிய உறுப்பு நல்லது, வார்த்தெடுத்தது மட்டம் என்ற நம்பிக்கை போட்டியாளர்களிடையே வேரூன்றியுள்ளது. வரலாற்றுச் சான்றுகளோ வேறொன்றைக் காட்டுகின்றன: தரத்தைத் தீர்மானித்தவை சரியான எஃகும் வெப்பப் பதனமும் சோதனை ஒழுங்குமே.

ஒப்பந்த உற்பத்திக் காலம்

அமெரிக்கப் படை 1957இல் எம்14ஐ ஏற்றது. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு அரசுப் படைக்கலச் சாலையுடன் வின்செஸ்டர், ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன், டிஆர்டபிள்யூ ஆகிய மூன்று நிறுவனங்களும் இதைச் செய்தன. 1964இல் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ 13.8 லட்சம் ரைபிள்கள் உருவாகியிருந்தன.

இயக்க உறுப்புகளைத் தாங்கும் உடற்பகுதியான ரிசீவர், தோட்டா அறையை மூடிப் பூட்டும் போல்ட் ஆகிய இரண்டுக்கும் 8620 எனும் எஃகே விதிக்கப்பட்டிருந்தது. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த, கரிமம் குறைந்த எஃகு இது. மேற்பரப்பில் கரிமம் ஏற்றிக் கடினப்படுத்தினால் தேய்மானத்தைத் தாங்கும். உள்ளகம் மிருதுவாக இருப்பதால் அதிர்ச்சியைத் தாங்கும். பதனம் மிஞ்சினால் உறுப்பு நொறுங்கும். குறைந்தால் போல்ட்டின் பூட்டுக்காதுகள் அமுங்கி, தோட்டா அமரும் இடைவெளியான ஹெட்ஸ்பேஸ் கூடிக்கொண்டே போகும்.

1960 இறுதியில் ஃபோர்ட் பென்னிங் படைத்தளத்தில் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் ரைபிள்களின் ரிசீவரும் போல்ட்டும் உடைந்தன. தவறான எஃகும் பதனக் குறையும் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. உடைந்தவை அடித்து உருவாக்கிய உறுப்புகள். செய்ததோ நெடுநாள் துப்பாக்கி அனுபவமுள்ள ஆலை. அதன் பின் ஒப்பந்தம் பெற்ற டிஆர்டபிள்யூ, வாகன, விமான உறுப்புகள் செய்துவந்த கிளீவ்லாந்து நிறுவனம். துப்பாக்கித் தொழிலுக்குப் புதிதான அந்நிறுவனத்தின் உறுப்புகளையே இன்றுவரை போட்டியாளர்கள் முதல்தரமாக மதிக்கிறார்கள்.

ஓஹையோவின் கேம்ப் பெர்ரியில் நடக்கும் தேசியப் போட்டிகளுக்காக எம்14இன் ‘நேஷனல் மேட்ச்’ வடிவமும் உருவானது. குரோமியம் பூசாத துல்லியக் குழல், கண்ணாடி இழைப் பசையில் அசையாமல் பதித்த மரக்கட்டை, நுண்ணிய திருத்தம் கொண்ட பின்காட்சி ஆகியவை அதன் சிறப்புகள். 1969இல் ராக் ஐலண்டு படைக்கலச் சாலை இத்தகைய 1,435 ரைபிள்களைத் தொலைநோக்கி பொருத்திய எக்ஸ்எம்21 எனும் மறைசுடு ரைபிளாக மாற்றியது.

உபரியிலிருந்து தனியார் உற்பத்திக்கு

தானியங்கிச் சுடுதிறன் கொண்டதால் எம்14 சட்டப்படி இயந்திரத் துப்பாக்கியாகவே கருதப்பட்டது. பொதுமக்களுக்கு விற்க முடியாது. இந்த இடைவெளியை 1970களின் தொடக்கத்தில் டெக்சாஸின் டிவைன் நகரில் எல்மர் பேலன்ஸ் நிரப்பினார். 1968இல் மூடப்பட்ட ஸ்பிரிங்ஃபீல்டு அரசுச் சாலையின் பெயரையே தம் நிறுவனத்துக்குச் சூட்டினார். தானியங்கி வசதியற்ற ரிசீவரை அதே 8620 எஃகில் மெழுகுவார்ப்பு முறையில் வார்த்து, போல்ட், இயக்கத் தண்டு, விசைத்தொகுதி போன்றவற்றுக்கு அரசு உபரி உறுப்புகளைப் பொருத்தினார். 1974இல் நிறுவனம் இலினாயின் ஜெனசியோவுக்கு, ரீஸ் குடும்பத்திடம் சென்றது.

ஆக, இப்படி உருவான தொடக்ககால எம்1ஏ ஒரு கலவை: ரிசீவர் தனியாருடையது, மற்றவை இராணுவச் சோதனையில் தேறியவை. உபரி வற்றத் தொடங்கியதும் வணிக உறுப்புகள் அந்த இடத்தைப் பிடித்தன. தரம் குறித்த முறையீடுகள் எழுந்தது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான். அவை பெரும்பாலும், சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியிழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் போன்ற சிறு உறுப்புகளைப் பற்றியவை. வார்ப்பு ரிசீவர்களோ பல்லாயிரம் தோட்டாக்களைக் கடந்தும் உழைத்துவந்தன. போட்டியாளர்கள் 7790186 என்ற வரைபட எண்ணும் டிஆர்டபிள்யூ முத்திரையும் உள்ள பழைய போல்ட்டுகளைத் தேடி வாங்கினர். படைத்துறை உறுப்புகள் காந்தத்துகள் சோதனையில் விரிசல் பார்க்கப்பட்டவை; அந்த முத்திரை அதற்கான சான்றாக இருந்தது.

சீன நகல்

1980களில் அமெரிக்காவுக்கு வந்த சீனாவின் நோரின்கோ, பாலிடெக் ரைபிள்கள், உருவாக்கும் முறையல்ல, பதனமும் சோதனையுமே முக்கியம் என்ற வாதத்துக்கு மேலும் வலுச்சேர்க்கின்றன. அவற்றின் ரிசீவர் அடித்து உருவாக்கியது, உறுதிக்குப் பெயர்பெற்றது. போல்ட்டோ பதனம் குறைந்து மிருதுவாக இருந்தது. ஹெட்ஸ்பேஸ் விரிவதாக முறையீடு எழுந்தது. அமெரிக்க இராணுவ போல்ட்டைப் பொருத்துவதே துப்பாக்கிக் கம்மியர்கள் கண்ட தீர்வு. ஒரே துப்பாக்கியில் ஓர் உறுப்பு தேறி இன்னோர் உறுப்பு தவறியது, உருவாக்கும் முறை மட்டும் போதாது என்பதற்குத் தெளிவான சான்று.

முடிவுரை

அடித்து உருவாக்கிய ரிசீவர் உடைந்ததும், வார்ப்பு ரிசீவர் நிலைத்ததும், நல்ல ரிசீவருடன் வந்த போல்ட் அமுங்கியதும் ஒரே வடிவத்தின் வரலாற்றில் நிகழ்ந்தவை. எனவே வணிகத் துப்பாக்கியின் நம்பகத்தன்மையை அது உருவான முறையையோ தயாரிப்பாளரின் புகழையோ கொண்டு அளப்பது பிழை. உறுப்புதோறும் எஃகு, கடினத்தன்மை, விரிசல் ஆகிய மூன்றும் சோதிக்கப்பட்டனவா என்பதே சரியான அளவுகோல். இராணுவ வடிவத்தை விற்கும் எந்த நிறுவனமும் வரைபடத்தோடு இச்சோதனை ஒழுங்கையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.