தொடையில் போடும் அந்த ஊசிக்குப் பின்னால் ஒரு நூறு வருஷக் கதை

1/ ஒன்றரை மாசத்துல உங்க குழந்தைக்குத் தொடையில பென்டாவேலன்ட் ஊசி போட்டிருப்பீங்க. அன்னைக்கு ராத்திரி காய்ச்சல், அழுகை. வீட்டுல யாருக்கும் தூக்கம் இருந்திருக்காது. "அடுத்த ஊசியை கொஞ்சம் தள்ளிப் போடலாமா டாக்டர்?"னு கேட்கிறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. அதில் உள்ள 5 தடுப்பு மருந்துகளில் ஒன்றின் கதை மட்டும் சொல்கிறேன். பெயர் ஹிப்.

2/ ஆண்டு 1892. ஃப்ளூ காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரம். ஜெர்மனியின் ரிச்சர்டு ஃபைஃபர், நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார். ஃப்ளூவுக்குக் காரணம் இதுதான் என்றார். ஆனால் ஃப்ளூ ஒரு வைரஸ் நோய். 1933-ல் அது உறுதியானது. அந்தக் குழப்பம் மட்டும் பெயரில் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு: ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா.

3/ 1931. நியூயார்க்கில் மார்கரெட் பிட்மேன், இந்தக் கிருமிகளில் சிலவற்றைச் சுற்றி சர்க்கரையாலான ஒரு உறை இருப்பதைக் கண்டார். உறையில் பல வகை. மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைகளிடம் பெரும்பாலும் இருந்தது 'பி' வகை. அதைத்தான் சுருக்கமாக ஹிப் என்கிறோம்.

4/ சரி, ஏன் குழந்தைகளை மட்டும் குறிவைக்குது? 1933-ல் ஃபாதர்கில், ரைட் என்ற இருவர் விடை சொன்னார்கள். பிறந்த குழந்தையின் ரத்தம் இந்தக் கிருமியைக் கொல்கிறது. அது அம்மா கொடுத்த எதிர்ப்பு சக்தி. சில மாசத்துல அது கரைஞ்சிடும். சொந்த சக்தி வர சுமார் 3 வயசாகும். இடைப்பட்ட காலத்தில் குழந்தை நிராயுதபாணி.

5/ அந்தக் காலத்தில் இந்த மூளைக்காய்ச்சல் வந்தால் பிழைப்பது மிக அரிது. 1939-ல் ஹாட்டி அலெக்சாண்டர் என்ற குழந்தை மருத்துவர், முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் கொடுத்துக் குழந்தைகளைக் காப்பாற்றினார். பிறகு ஆன்டிபயாடிக் வந்தது. ஆனால் பிழைத்த சிலருக்குக் காது கேட்கலை. சிலருக்கு வலிப்பு.

6/ ஆகவே வருமுன் காக்கணும். 1985-ல் அமெரிக்காவில் முதல் ஹிப் தடுப்பூசி வந்தது. அந்த சர்க்கரை உறையை மட்டும் வைத்துச் செய்தது. ஒன்றரை வயதுக்குக் கீழே அது சரியா வேலை செய்யலை. கைக்குழந்தையின் உடம்பு வெறும் சர்க்கரையைக் கண்டுகொள்வதே இல்லை. யாருக்கு அதிகம் தேவையோ, அவங்களுக்கே பயன் இல்லை!

7/ தீர்வு? சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்தார்கள். தனியா வந்தா கண்டுக்காத ஆளை, தெரிஞ்சவர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்த மாதிரி. ராபின்ஸ், ஷ்னீர்சன் ஒரு அணி. ஸ்மித், ஆண்டர்சன் இன்னொரு அணி. 1990-ல் 2 மாதக் குழந்தைக்கும் போட அனுமதி கிடைத்தது.

8/ அதற்கு முன் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 20,000 குழந்தைகளுக்குக் கடுமையான ஹிப் தொற்று வந்தது. இன்று 99% குறைந்துவிட்டது. இந்தியாவில் 2011 டிசம்பரில், தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் முதலில் அரசுத் திட்டத்தில் பென்டாவேலன்ட்டாக வந்தது.

9/ 6, 10, 14 வாரம். இந்தக் கணக்கு ஏன் என்று இப்போ புரியுதா? அம்மாவின் பாதுகாப்பு கரையும் நேரம் அது. ஊசிக் காய்ச்சல் ஓரிரு நாளில் போயிடும். ஊசியைத் தள்ளிப்போட்டால், அந்த இடைவெளியில் குழந்தை தனியா நிற்கும்.

10/ கடைசியா ஒன்று. மூளைக்காய்ச்சலுக்கு வேறு கிருமிகளும் உண்டு. ஊசி போட்ட குழந்தையாக இருந்தாலும், காய்ச்சலோடு பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, வலிப்பு வந்தாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க. உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்க.