காசி முதல் லடாக் வரை: வடதிசைப் பயணமும் முன்னோர் திட்டமும்



இவ்வாண்டு நம் சங்கத்து இளைஞர் நால்வர், போர்ட் கொச்சியிலிருந்து மோட்டார் வண்டியிலேயே லடாக் வரை சென்று மீள்வதென உறுதி பூண்டுள்ளனர். நான் இரயில்வேயில் எழுத்தர் ஆதலால், வழியும் தொலைவும் பற்றிக் கேட்க என் இல்லம் வந்தனர். அவர்கள் காட்டிய தாளில் ஒவ்வொரு நாளும் புறப்படும் ஊரும் சேரும் ஊரும் அழகாகக் குறிக்கப்பட்டிருந்தன. ஆனால் இருபது நாள்களுள் ஒரு நாளேனும் ஓய்வுக்கென ஒதுக்கப்படவில்லை. அன்று அவர்களிடம் நான் சொன்னது சிறிது; சொல்ல எண்ணியது பெரிது. எஞ்சியதை இம்மலரில் எழுதுகிறேன்.

வடக்கு நோக்கிய நெடும்பயணம் தமிழருக்குப் புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபர அடிகள் தென்பாண்டி நாட்டினின்று காசி சென்று, அங்கே மடம் நிறுவினார். அவருக்கு முன்னும் பின்னும் பெயர் தெரியாத எண்ணற்றோர் கால்நடையாகவே காசிக்குச் சென்றனர். காசிக்குப் புறப்படுவோர் சொத்துக்கு ஏற்பாடு செய்து, கடனைத் தீர்த்து, உற்றாரிடம் விடைபெற்றே கிளம்புவர். திரும்பினால் மகிழ்ச்சி, திரும்பாவிடினும் காசியில் இறந்த புண்ணியம் என்பது அவர்தம் துணிபு.

நாம் வாழும் இக்கொச்சிக்கே இதில் ஒரு பங்குண்டு. 1851-ஆம் ஆண்டு முதல் 1853-ஆம் ஆண்டு வரை கொச்சியை ஆண்ட வீரகேரள வர்மா, 'காசியில் தீப்பெட்ட தம்புரான்' என்றே அரச வரிசையில் அறியப்படுகிறார். 'தீப்பெடுதல்' என்பது மன்னர் மறைவைக் குறிக்கும் மலையாள வழக்கு. அரியணையும் பரிவாரமும் உடைய ஒருவரே வடநாடு சென்று மீளவில்லையென்றால், எளியோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? அன்று தென்னாட்டில் இருப்புப்பாதை கிடையாது. இராயபுரத்திலிருந்து தென்னகத்தின் முதற் பயணி வண்டி கிளம்பியது 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில்தான்.

இனி, திட்டமிட்டுச் சென்றோர் இருவரைக் காண்போம்.

முதலாமவர் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர். 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில், சென்னைப் பரங்கிமலை அருகே நிலத்தில் சங்கிலியிட்டு அளக்கத் தொடங்கினார். அதுவே இந்தியப் பெரு முக்கோண அளவைப் பணியின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. குமரிமுனையிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளத்துக்கு நாட்டை அளப்பதே அதன் பயன் ஆயிற்று. அவர் கொண்டு சென்ற கோணமானி அரை டன் எடையுள்ளது. 1808-ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் அதனை ஏற்றியபோது கயிறு அறுந்தது. கருவி கல்லில் மோதிச் சிதைந்தது. வேறொருவராயின் சீமைக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பர். லாம்டனோ கூடாரத்துள் வாரக்கணக்கில் அமர்ந்து, நெளிந்த வளையத்தைச் சிறிது சிறிதாகத் தாமே நிமிர்த்தினார். பணி தொடர்ந்தது. இருபது ஆண்டுகள் வடக்கு நோக்கி நகர்ந்த அவர், 1823-ஆம் ஆண்டு ஜனவரியில் நாகபுரிக்குச் செல்லும் வழியில் ஹிங்கன்காட் என்னும் ஊரில் உயிர் நீத்தார். இமயத்தை அவர் காணவில்லை. எனினும் அவர் தொடங்கிய கோட்டை ஜார்ஜ் எவரெஸ்ட் இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சேர்த்தார்.

இரண்டாமவர் ஏனுகுல வீராசாமி. தாய்மொழி தெலுங்கு, வாழ்ந்தது சென்னை, அங்கிருந்த சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளர். 1830-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் காசிக்குப் புறப்பட்டு, 1831-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் சென்னை திரும்பினார். குடும்பத்தார், பணியாளர், பல்லக்குச் சுமப்போர் என ஏறத்தாழ நூறு பேர் உடன் சென்றனர். ஐதராபாத், நாகபுரி, ஜபல்பூர், பிரயாகை வழியாகக் காசியை அடைந்து, கயை, கல்கத்தா, பூரி கண்டு, கீழைக் கடற்கரை வழியே மீண்டார்.

பதினைந்து திங்களுக்கு மேல் நூறு பேரை நடத்திச் செல்வது எளிய செயலா? ஒவ்வொரு தங்குமிடத்திலும் நூறு வயிறுகளுக்கு அரிசி வேண்டும், நீர் வேண்டும், மழைக்கு ஒதுங்க இடம் வேண்டும். வீராசாமி வழிநெடுக ஊர்களின் தூரம், நீர்வசதி, கடைகள், சத்திரங்கள், பாதையின் தன்மை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே சென்றார். அக்குறிப்புகளை நண்பர் கோமளேசுவரபுரம் சீனிவாச பிள்ளைக்குக் கடிதங்களாக எழுதி அனுப்பினார். வீராசாமி 1836-ஆம் ஆண்டு காலமானபின், 1838-ஆம் ஆண்டு அக்கடிதங்கள் 'காசி யாத்திரை சரித்திரம்' என்னும் தெலுங்கு நூலாக அச்சேறின. தாம் மட்டும் சென்று புண்ணியம் தேடிக்கொள்ளாமல், பின்னே வருவோருக்கும் வழி சொல்லிவைத்த பெருந்தகை அவர்.

நிற்க. இதன்பின் வந்தது என் துறையாகிய இரயில்வே. 1870-ஆம் ஆண்டு ஜபல்பூரில் பம்பாய்ப் பாதையும் கல்கத்தாப் பாதையும் இணைந்தன. மறு ஆண்டு சென்னையும் பம்பாயும் இணைந்தன. சொரனூரிலிருந்து எறணாகுளத்துக்கு 1902-ஆம் ஆண்டு இருப்புப்பாதை வந்தது. அதற்குப் பணம் திரட்ட அன்றைய கொச்சி மன்னர் திருப்பூணித்துறைக் கோயிலின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றார் என்பது இவ்வூர்ப் பெரியோர் வழிவழியாகச் சொல்லும் செய்தி. இன்று கன்னியாகுமரியில் புறப்படும் ஹிம்சாகர் விரைவு வண்டி கேரளத்தின் வழியாகவே ஜம்முவிலுள்ள கத்ரா வரை செல்கிறது. திங்கள்கள் நாள்களாகச் சுருங்கின. ஏழையும் காசி கண்டான். இதனினும் பெரிய தொண்டு வேறென்ன?

ஆயினும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். கால அட்டவணை நமக்காகத் திட்டமிடத் தொடங்கிய நாள் முதல், நாமே திட்டமிடும் பழக்கம் தேய்ந்தது. எங்கே நீர், எங்கே உணவு, எங்கே நிற்பது என்பதையெல்லாம் இரயில்வே பார்த்துக்கொண்டது. இப்போது இளைஞர் மீண்டும் சாலைக்குத் திரும்பும்போது, அட்டவணை மனப்பான்மையையும் உடன் கொண்டு செல்கின்றனர். ஓய்வின்றி ஓடும் வண்டியை ஓட்டுநர் மாறி மாறி ஓட்டுவர் என்பதை மறந்துவிடுகின்றனர்.

லடாக் பாதை அட்டவணைக்கு அடங்காதது. கொச்சியிலிருந்து பாலக்காடு, கோவை வழியாகச் சேலம் வரை தேசிய நெடுஞ்சாலை 544. அங்கிருந்து வடக்கே நெடுஞ்சாலை 44. பெங்களூர், ஐதராபாத், நாகபுரி, ஆக்ரா, தில்லி வரை வழி நேர்த்தியானது. மணாலியைத் தாண்டியபின் நிலை வேறு. 1960-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட எல்லைச் சாலை அமைப்பு காத்துவரும் மலைப்பாதை அது. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட, ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கம் ரோதங் கணவாயின் இடரை நீக்கிற்று. ஆனால் அதற்கு அப்பால் பாரலாச்சா கணவாய் 16,000 அடி. தங்லங் கணவாய் 17,000 அடிக்கும் மேல். பனிக்காலத்தில் அப்பாதை மூடப்படும். தாண்டி என்னும் இடத்தில், அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என அறிவிக்கும் பலகை நெடுங்காலம் நின்றது.

லே நகரமே 11,500 அடி உயரத்தில் உள்ளது. கடல்மட்டத்தில் காயலோரம் வாழும் நம் உடல், காற்று மெலிந்த அவ்வுயரத்துக்கு உடனே இசையாது. தலைவலியும் குமட்டலும் மூச்சுத்திணறலும் வரும். அவற்றைப் பொருட்படுத்தாமல் மேலே ஏறினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே கேடு விளையும். இளமையும் உடல் வலிமையும் இதற்குக் காப்பல்ல. படிப்படியாக ஏறுதலும், லேயில் இரண்டு நாளேனும் வாளாவிருத்தலும், நோய்க்குறி கண்டால் தயங்காது கீழிறங்குதலுமே காப்பு. இளைஞர் தாளில் விடுபட்டது இந்த வெற்று நாள்களே. லாம்டன் கருவியைச் செப்பனிட்ட வாரங்களும் வெளிப்பார்வைக்கு வெற்று நாள்களே. அவையின்றேல் அப்பணி தஞ்சையிலேயே முடிந்திருக்கும்.

இக்கட்டுரையின் கைப்படியை அந்நால்வருக்கும் காட்டினேன். முதலில் சிரித்தனர். பின்னர் தாளை வாங்கி, லேயில் இரண்டு நாள் ஓய்வு எனத் திருத்தினர். நாகபுரிக்கு முன்னே நெடுஞ்சாலை 44 ஹிங்கன்காட்டைக் கடந்தே செல்கிறது என்று நான் சொன்னபோது, அங்கே ஓரிரவு தங்குவதாகவும் எழுதினர். நான் கேட்டது இன்னும் ஒன்றே: வீராசாமியைப் போல ஒவ்வொரு நாளும் ஒரு கடிதம் சங்கத்துக்கு எழுத வேண்டும். நால்வரும் நலமே மீண்டு வந்து, அடுத்த ஆண்டு மலரில் இதே பக்கத்தை அவர்களே நிரப்ப வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!