நாலு பவுண்டு காற்று

டயருக்கு எவ்வளவு காற்று அடிப்பது என்று இரண்டு பெரிய கம்பெனிகள் ஊரறியச் சண்டை போட்டன. நடந்தது அமெரிக்காவில், 2000-ம் ஆண்டு.

ஃபோர்டு எக்ஸ்புளோரரின் கதவில் ஒட்டியிருந்த அளவு 26 பவுண்டு. உயரமான வண்டி. 1990-ல் விற்பனைக்கு வருவதற்கு முன் நடந்த சோதனையிலேயே திருப்பத்தில் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. காற்றைக் குறைத்தால் கொஞ்சம் நிலைக்கும், பயணமும் மெத்தென்று இருக்கும். ஆனால் காற்று குறைந்த டயர் அதிகம் நெளியும், சூடேறும். வெயிலில், பாரத்தோடு, வேகமாகப் போனபோது உள்ளிருந்த எஃகுப் பட்டைகள் பிரிந்து மேல் ரப்பர் உரிந்தது. வண்டிகள் உருண்டன. அரசுக் கணக்கில் 271 பேர் செத்தார்கள்.

2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. 30 பவுண்டு அடியுங்கள் என்றது. 26-ல் தவறில்லை, அதே அளவில் ஓடிய குட்இயர் டயர்கள் இப்படிப் பிரியவில்லையே என்றது ஃபோர்டு. எந்த எண் ஜெயிக்கிறதோ அதை வைத்துத்தான் பழி யாருக்கு என்பது! இதில் வேடிக்கை, பத்து வருடமாக ஃபயர்ஸ்டோனும் அந்த 26-க்குத் தலையாட்டியதுதான்.

1906-ல் ஹென்றி ஃபோர்டு ஹார்வி ஃபயர்ஸ்டோனிடம் 2,000 செட் டயர் வாங்கியதில் தொடங்கிய உறவு. அப்போதைய ஃபோர்டு தலைவர் பில் ஃபோர்டின் தாயே ஃபயர்ஸ்டோன் வீட்டுப் பெண். 2001 மே மாதம் ஃபயர்ஸ்டோன் இனி டயர் தர மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

2000 நவம்பரில் வந்த சட்டத்தால் காற்று குறைந்தால் எரியும் விளக்கு அமெரிக்கக் கார்களில் கட்டாயமானது. கால் பங்கு குறைந்தால் எரியும். எந்த அளவிலிருந்து கால் பங்கு? கார் கம்பெனி கதவில் ஒட்டியதிலிருந்துதான்.